பலன் பெற்றோர் நூறு பேர்

காரைமேட்டுக் குடியிருப்பு வாசலில் எழுபத்தொரு பேர் ஒரே பஸ்ஸிலிருந்து வந்து இறங்கிய அந்தப் புதன்கிழமை காலை, பூங்காவனம் ஒரு தக்காளிக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். தக்காளி என்றால் குழம்பில் போடுகிற தக்காளி இல்லை, பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டியில் ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை உள்ளே புகுந்து நின்றுகொண்டு "நான்தான் தக்காளி" என்று கத்துமே, அந்தச் சிவப்பு சாட்டின் துணித் தக்காளி. அதைத் தைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். தக்காளி, கத்தரிக்காய், மயில் தோகை, கம்பியில் வலைத்துணி இழுத்துக் கட்டிய தும்பி இறக்கை, அட்டைக் கிரீடம், பஞ்சுத் தாடி என்று எஃப் பிளாக்கின் கீழ்த்தளத்தில் ஓர் அறை முழுக்க அடுக்கி வைத்து, பட்டணத்துப் பள்ளிக்கூடங்களின் ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு விடுவாள். குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் வாடகை கிடையாது. அதனாலேயே காரைமேட்டில் சிங்கமாகவோ கத்தரிக்காயாகவோ ஒரு நாளாவது நிற்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அவளோடு இருபத்தெட்டுப் பெண்கள் தைத்தார்கள். அத்தனை பேரும் ஒரு காலத்தில் ஆற்றோரத்துக் குடிசைகளில் இருந்தவர்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் சட்டி பானையோடு லாரியில் ஏற்றி, பட்டணத்துக்கு வெளியே, தவளை கத்துகிற சதுப்பு நிலத்துப் பக்கமாகக் கட்டிய இந்த ஏழு மாடிகளில் கொண்டுவந்து இறக்கி விட்டார்கள். வீட்டு வேலைக்குப் பட்டணம் போக வேன் ஏறினால் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், இடுப்பு விட்டுப் போகும். அந்த வேனிலிருந்து அவர்களை இறக்கியது பூங்காவனத்தின் வேஷக் கடைதான். இப்போது அதுவும் படுக்கப் போகிறது. போனில் விரலால் தடவினால் ரெடிமேட் தக்காளி வீட்டு வாசலுக்கு வருகிற காலமாகிவிட்டது. ஆறு மாசமாகப் பாதி மிஷின்கள் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் ஓர் அறக்கட்டளை, தன் ஊரைத் தாங்கிப் பிடிக்கிற கலைத்தொழில்காரர்களுக்கு கிராண்ட் தருகிறது என்று தகவல் வந்தது. படிவமும் வந்தது. எல்லாக் கட்டத்தையும் பூங்காவனம் நிரப்பினாள், கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. "தங்கள் தொழிலால் பலன் பெற்றோர், குறைந்தது நூறு பேர். பெயர், வயது, கையொப்பம் அல்லது ரேகை." பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதாம், பெரியவர்கள்தானாம்.

"நம்மளையெல்லாம் சேத்தா இருபத்தொம்போதுதான வருது" என்றாள்.

பக்கத்து மிஷின் லூர்து மேரி வாயிலிருந்த நூலைத் துப்பினாள். "இன்னாக்கா நீ, ஒலகம் தெரியாத பொம்பளையா இருக்குற. எல்லாரும் எழுதறதுதான. வராத ரோட்ட வந்துச்சுன்னு எழுதறான், நடாத மரத்த நட்டேன்னு எழுதறான். உனுக்கு எழுபது பேருக்குப் பஞ்சமா? எழுது."

எழுதினாள். சுவரிலே பார்த்த பேர், சீரியலில் கேட்ட பேர், கல்யாணப் பத்திரிகையில் இருந்த பேர், ரெண்டு பேரை வெட்டி ஒட்டி ஒரு பேர் என்று எழுதிக்கொண்டே போனாள், வயதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள், கையெழுத்துத் தெரியாதவர்கள் என்று வைத்துத் தன் கட்டைவிரலையே மையில் தோய்த்துத் தோய்த்து எழுபது தடவை உருட்டினாள். தொண்ணூற்றொன்பது ஆனதும் பேர் தீர்ந்துபோயிற்று. லூர்து மேரி டீ வாங்கப் போயிருந்தாள். பூங்காவனம் வாசலைப் பார்த்தாள், பிறகு நூறாவது வரியில் மோனிஷா என்று எழுதினாள், வயது பத்தொன்பது என்று போட்டாள், அதற்கும் விரலை உருட்டினாள். லாரி கொண்டுவந்து இறக்கிய அந்த முதல் மழையில், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸில்லாமல், காய்ச்சலில் போன அவள் மகள் இருந்திருந்தால் இந்த ஆவணிக்குப் பத்தொன்பது. போகும்போது நாலு.

அப்புறம் படிவம் போயிற்று, முத்திரை விழுந்த ரசீது வந்தது, ரசீது வந்த மூன்றாம் நாள் பஸ் வந்தது.

இறங்கியவர்கள் வரிசையாக இறங்கினார்கள். முன்னால் நின்ற ஆள் "முப்பது" என்றார், அடுத்த ஆள் "முப்பத்தொண்ணு" என்றார், அப்படியே நூறு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து பூங்காவனத்தைப் பார்த்து, "நாங்க பலன் பெற்றவங்க. பலன் எங்கம்மா தர்றாங்க?" என்று கேட்டார்கள்.

காரைமேட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. லாரியில் ஏற்றித் தெரியாத இடத்தில் இறக்கப்படுவது எப்படியென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகையால், எங்கேயிருந்து வந்தீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டார்கள். சாப்பிடவில்லை. பிறந்ததிலிருந்தே சாப்பிடவில்லை, அதாவது எழுதினதிலிருந்து. அன்றைக்குக் குடியிருப்பில் இருந்த சோறெல்லாம் மதியத்துக்குள் தீர்ந்தது, மறுநாளுக்கு வைத்திருந்த அரிசியும் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது.

வந்தவர்களிடம் பேரும் வயதும் மட்டும்தான் இருந்தன. படிவத்தில் அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். சொந்த ஊர் எது என்றால் முழிப்பார்கள், அம்மா பேர் என்ன என்றால் தலையைச் சொறிவார்கள். ராத்தங்க இடம் கொடுத்த வீடுகளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எனவே ஆளுக்குக் கொஞ்சம் பழைய கதையை எடுத்துக் கொடுத்தார்கள். மூணாம் மாடிக்காரர் தன் திண்டிவனத்து மாமனைப் பாதியாக வெட்டி ஒருத்தருக்குக் கொடுத்தார். ஆறாம் மாடியில் ஒருத்தி தனக்கு வாய்க்காத தங்கச்சியை ஐம்பத்திரண்டாம் நம்பருக்குக் கொடுத்தாள், கொடுத்த அன்றே ரெண்டு பேரும் தண்ணிக் குடத்துக்குச் சண்டையும் போட்டார்கள். லூர்து மேரி முப்பத்தேழாம் நம்பரை, அறுபத்தெட்டு வயது தணிகாசலத்தை, அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"நீ வேதக்காரி, உங்கண்ணனுக்கு எப்டி தணிகாசலம்னு பேரு?" என்று ஒருத்தி கிண்டினாள்.

"எங்கப்பன் ஞானஸ்நானம் வாங்கறதுக்கு மின்ன பொறந்தது. உனுக்கு இன்னா இப்போ? எங்கண்ணன் முட்ட சாப்புடும், நான் அவிச்சுத் தருவேன், உன் வூட்டுக் கோழி கேட்டேனா?"

தணிகாசலம் வெட்கத்தோடு முட்டையைப் பிட்டுக்கொண்டு, "ஆமா, அப்ப அப்பா ரொம்ப கோவக்காரரு" என்று சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவருக்கே அது ஞாபகம் வந்தது போலிருந்தது.

கஷ்டம் ரேஷன் கடையில்தான் வந்தது. எழுபத்தோரு பேருக்கும் பூங்காவனத்தின் கட்டைவிரல் ரேகை. ரேகை மிஷினில் யார் விரல் வைத்தாலும் அவள் பேர்தான் வரும். "பூங்காவனம், பொம்பளைன்னு காட்டுது, மீச வெச்சிருக்கியேய்யா" என்றார் கடைக்காரர், "அதுவும் இந்த மாசத்து அரிசி வாங்கியாச்சுன்னு காட்டுது." அந்த ஒரு கார்டு அரிசியில் எழுபத்தோரு வயிறு எப்படி நிறையும்? வாரம் ரெண்டு லாரித் தண்ணியில் எத்தனை குடம் தேறும்? மீந்த படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து அதில் அரிசி நூறு மூட்டை என்று எழுதிப் பார்த்தார்கள், வரவில்லை. மூணாம் மாடியில் ஒருத்தி செத்துப்போன புருஷன் பேரை எழுதிவிட்டு மூன்று நாள் பஸ் ஸ்டாப்பில் குடையோடு உட்கார்ந்திருந்தாள். முத்திரை விழாத படிவத்துக்கு யாரும் வருவதில்லை என்று தெரிந்த பிறகு குடையை மடக்கிக்கொண்டு ஏறி வந்தாள், அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அதைப் பார்த்த பிறகு பூங்காவனத்துக்கு வாயே திறக்க முடியாமல் போயிற்று. நூறாம் நம்பர் அவள் அறையில்தான் இருந்தாள். தும்பி இறக்கைகளுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். வலது புருவத்தில் ஒரு சின்ன சுழி, அதே சுழி. ஆனால் அம்மா பேர் எழுதப் படிவத்தில் கட்டமில்லை, ஆகையால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பூங்காவனத்தை மேடம் என்று கூப்பிட்டாள். ஊரே எழுபது பேருக்கும் உறவு சொல்லிக் கொடுத்தது, பூங்காவனம் மட்டும் தன் வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், எங்கள் செத்தவர்களையும் ஏன் எழுதவில்லை என்று எல்லாரும் கேட்பார்களே. அதைவிட, சொன்ன அன்றைக்கே இவள் போய்விட்டால்? கிராண்ட் வந்தால் அரிசி வரும், அரிசி வந்தால் எல்லாரும் இருப்பார்கள், எல்லாரும் இருந்தால் இவளும் இருப்பாள். அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பஞ்சு அடைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு அடைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை அறக்கட்டளையிலிருந்து சுபத்ரா மேடம் சரிபார்க்க வந்தார். பட்டியலை எடுத்துப் பேர் பேராகக் கூப்பிட்டார். நூறு பேரும் உள்ளேன் என்றார்கள். மேடம் மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் நூறு. அவர் முகம் வெளுத்து, தைக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணி கேட்டார்.

"பதினாறு வருஷமா லிஸ்ட் பாக்கறேம்மா. எழுதினபடி ஆள் இருந்து நான் பார்த்ததே இல்ல."

"எல்லாரும் கீறாங்க மேடம். பலன்தான் வேணும்."

"அங்கதான் சிக்கல்." சுபத்ரா மேடம் தம்ளரைக் கீழே வைக்காமல் பேசினார். "நூறுன்னு எழுதினா நாப்பதுதான் இருக்கும், அதுதான் வழக்கம். அதனால நானே குறைச்சு நாப்பது பேருக்குன்னு கமிட்டில சொல்லி ஒப்புதல் வாங்கிட்டேன். இப்போ மாத்த முடியாது. இந்தப் பட்டியல்ல அறுபது பேர் பேரை சிவப்பு மையில அடிச்சு, வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க. பணம் வந்துடும். அனுப்பலைன்னா ஃபைலை மூடிடுவாங்க. பேப்பர்ல அடிக்கறதுதானேம்மா, ஆளையா அடிக்கச் சொல்றேன்?"

பேப்பரில் அடிப்பதுதானே என்று பூங்காவனமும் நினைத்தாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணி டீக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். யாரை முதலில் என்று கை தயங்கியது. தணிகாசலம்தான் சிரித்தார்.

"என் பேர அடிம்மா. வயசானவன், பேரு இல்லாட்டி இன்னா கொறஞ்சுடும்?"

கோடு போட்டாள். முப்பத்தேழாம் வரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பேனா போய்ச் சேர்ந்தபோது, பெஞ்சியில் அவர் டீ தம்ளர் மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு சத்தமில்லை, ஒரு காத்தில்லை. லூர்து மேரி பெஞ்சியில் கை வைத்துப் பார்த்தாள், சூடு இருந்தது. அதற்கப்புறம் அவள் கத்தின கத்தலில் ஏழு மாடியிலும் ஜன்னல் திறந்தது. பூங்காவனம் பக்கத்திலேயே தணிகாசலம், தணிகாசலம் என்று திரும்பத் திரும்ப எழுதினாள், பேப்பர் கிழியும் வரைக்கும் எழுதினாள். அவர் வரவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த அறை வாசலில் கூட்டம் குறையவில்லை. என் தங்கச்சியை அடிச்சுடாதே என்று ஒருத்தி, திண்டிவனத்து மாமனைப் பங்கு போட்டவர் இல்லாமல் பாட்டனுக்குத் திதி கொடுக்க ஆளில்லை என்று ஒருத்தர், எங்க வீட்டு ஆளை அடிச்சுடு, தின்னே தீர்க்கிறான் என்று கத்தி, கத்தின வாயை மூடிக்கொண்டு அழுத இன்னொருத்தர். தையல் பெண்களில் நாலு பேர் வந்து, எங்க பேரை அடி, எங்களுக்கு ஒண்ணும் ஆகாது என்றார்கள். ஆகாது என்று யாருக்குத் தெரியும்? அரிசிப் பானைகள் அடியைத் தொட்டிருந்தன. ஐந்தாம் மாடியில் பிள்ளைகள் கஞ்சித் தண்ணிக்குச் சண்டை போட்டன. அடித்தால் மிச்ச பேர் பிழைப்பார்கள், அடிக்காவிட்டால் எல்லாருமே காலி வயிற்றோடு கிடப்பார்கள், அடிக்காமல் ஃபைல் மூடினால் எழுபது பேரும் ஒரே மூச்சில் போய்விடலாம்.

பூங்காவனம் வேறு ஒரு கணக்கும் பார்த்துவிட்டிருந்தாள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருபத்தொன்பது நம்ம ஆட்கள், இன்னும் பதினோரு பேருக்கு இடம். அந்தப் பதினொன்றில் ஒன்றை யாரையும் கேட்காமல் பென்சிலால் சுழித்து வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், நூல் கண்டு தேடிய மோனிஷா பட்டியலைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், நூறாவது பேருல மட்டும் ஏன் சுழிச்சு வெச்சிருக்கீங்க?"

பூங்காவனம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிக்கவில்லை.

"என்ன மட்டும் வெச்சிக்கப் போறீங்களா? ஆறாம் மாடி அக்கா அவங்க தங்கச்சிய நேத்திலேர்ந்து மடியிலயே வெச்சிருக்காங்க. எனுக்கு யாரும் இல்ல. என்னப் போயி ஏன் மேடம்? நான் உங்களுக்கு யாரு?"

பூங்காவனம் எழுந்து லூர்து மேரியிடம் போனாள். லூர்து மேரி மூன்று நாளாகத் தைக்காமல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மேரி, இன்னா பண்ணச் சொல்ற?"

"என்னக் கேக்காத. எங்கண்ணன் போயிட்டாரு, மத்தவங்களுதும் போவட்டும்னு சொல்ற வாய் எனுக்கு இல்ல. எழுதச் சொன்னதும் நான்தான், தெரியும்." அவள் நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணு. அந்தப் பேனாவ எடுத்துக்கினு நீ எந்த வூட்டு வாசல்ல போய் நிப்ப?"

வெள்ளிக்கிழமை பூங்காவனம் சிவப்புப் பேனாவைச் சாக்கடைக் கம்பிக்குள் போட்டுவிட்டு, ஃபைல் மூடட்டும், நான் அடிக்கிறதாக இல்லை என்று முற்றத்தில் நின்று சொன்னாள். யாரும் கை தட்டவில்லை. சில பேர் திட்டினார்கள், சில பேர் அவள் காலருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

நாலு மணிக்கு மேல் குடியிருப்பே முற்றத்துக்கு இறங்கியது. போகிறவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு ஒரு வழிதான் யாருக்கும் தோன்றியது. புடவை முந்தானையால் மணிக்கட்டோடு மணிக்கட்டைக் கட்டினார்கள், வேஷக் கடையிலிருந்து எலாஸ்டிக்கும் மயில் தோகை நாடாவும் எடுத்துக் கொண்டுபோய் இடுப்போடு இடுப்பைச் சுற்றினார்கள், கட்ட ஒன்றும் கிடைக்காதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆறாம் மாடிக்காரி தங்கச்சியின் சடையைத் தன் சடையோடு சேர்த்துப் பின்னினாள்.

பூங்காவனம் ஓரமாக நின்றாள். மோனிஷா அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், என்ன யாரும் புடிச்சிக்கல. உங்க கைய புடிச்சிக்கட்டுமா?"

பூங்காவனம் கையை நீட்டினாள். பதினைந்து வருஷமாக எந்தக் கையையும் பிடிக்காத கை. பிடித்த பிடியில் அந்தப் பெண், "வலிக்குது மேடம்" என்றாள். பிடி தளரவில்லை.

ஐந்து அடித்தது. யாரோ ஆட்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டார்கள். ஐந்து பத்துக்குப் பூங்காவனத்தின் இடுப்பில் செருகிய போன் ஒரு தடவை துடித்தது. லூர்து மேரிதான் எடுத்துப் படித்தாள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். தங்கள் விண்ணப்பம் முடித்து வைக்கப்பட்டது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இருந்தது.

யாரும் போகவில்லை.

ஆறு மணி வரைக்கும் அப்படியே இருந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. அவிழ்த்தபோது அழுதவர்கள் சந்தோஷத்தில்தான் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. நாளைக்கு அடுப்பில் வைக்க ஒரு பிடியும் இல்லை, மிஷின்களை விற்றுவிட வேண்டியதுதான், இனிமேல் இந்த எழுபது பேரையும் எந்த லிஸ்டும் கேட்காது, எந்தக் கடையும் அவர்கள் விரலை ஒத்துக்கொள்ளாது. லூர்து மேரி மட்டும் காலி பெஞ்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூணாம் மாடிக் குடைக்காரி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு இன்னா மேடம் பண்றது?" என்றாள் மோனிஷா. கையை இன்னும் இழுத்துக்கொள்ளவில்லை.

"வேன் ஏறணும். வூட்டு வேலைக்கு."

"நானும் வரேன். வேன்ல யாருன்னு கேட்டா இன்னா சொல்லட்டும்?"

பூங்காவனம் தரையில் உட்கார்ந்தாள், அந்தப் பெண்ணையும் இழுத்து உட்கார வைத்தாள்.

"கேட்டுக்கோ. நீ ஆத்தங்கரையில பொறந்த. நல்ல வெயிலு. உன்னக் குளிப்பாட்ட தண்ணி இல்லாம டீக்கடையில ஒரு சொம்பு வாங்கினு வந்தேன். பல்லு மொளைக்கறதுக்கு மின்னயே பேச ஆரம்பிச்சிட்ட. மீனு துண்ண மாட்ட, மீனு வாங்கற எடத்துல மட்டும் நிப்ப. ரெண்டு வயசுல என் தையல் ஊசிய முழுங்கிட்டன்னு ஊரையே கூட்டினேன், அது உன் பாவாடையில குத்தியிருந்திச்சு. நாலு வயசுல லாரி ஏத்துனாங்க, நீ பானைக்குள்ள உக்காந்துக்கினு வந்த."

மோனிஷா கண் சிமிட்டாமல் கேட்டாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து குடியேறுவது தெரிந்தது, வெயில், சொம்பு, ஊசி, பானை.

"அப்பறம்?"

அதற்கப்புறம் பூங்காவனத்திடம் ஒன்றும் இல்லை. ஒரு மழையும் ஒரு வெள்ளைத் துணியும்தான் இருந்தன.

"அப்பறம் இன்னா ஆச்சு... ம்மா?"

"அப்பறம்," என்றாள் பூங்காவனம், "உன்ன இஸ்கூல்ல சேத்தேன். மொத நாளு நீ அழவே இல்ல. நான்தான் கேட்டாண்ட நின்னு அழுதேன்."